சாலையில் கேமராவும் காவலரும்: தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டர்பனிலும் ஜொகன்னஸ்பர்கிலும் வாகனம் ஓட்டும் தமிழர்களிடையே, குறிப்பாகத் தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வேலைக்கு வந்து குடியேறியவர்களிடையே, சாலைச் சட்டத்தையும் அரசுக் கண்காணிப்பையும் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, அது எங்கே போதவில்லை என்ற என் கருத்தும் ஆங்காங்கே வரும். நீதிமன்றம் வரை போகக்கூடிய வழக்கு உங்கள்மீது இருந்தால் இதை மட்டும் நம்பாமல் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வேகக் கேமராவும் எண் தகட்டைப் படிக்கும் கேமராவும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. கீழே வரும் விடைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைச் சார்ந்தே நிற்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வழக்கமான வேகக் கேமரா ஒரே இடத்தில், ஒரே நொடியில் வேலை செய்வது. ரேடாரோ லேசரோ சாலையில் பதித்த உணரியோ வாகனத்தின் வேகத்தை அளக்கிறது. வரம்பைத் தாண்டிய வாகனம் மட்டுமே படம் பிடிக்கப்படுகிறது. நகர்ப்புறத்தில் 60, ஊருக்கு வெளியே 100, ஃப்ரீவேயில் 120 கிலோமீட்டர் என்ற பொது வரம்புக்குள் ஓட்டுபவரைப் பற்றி அந்தக் கருவியிடம் எதுவும் மிஞ்சுவதில்லை.

சராசரி வேகத்தை அளக்கும் முறை இன்னொரு வகை. போஃபர்ட் வெஸ்ட்டுக்கும் அபர்டீனுக்கும் இடையிலான ஆர்61 சாலையில் 2011 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. நெடுந்தொலைவு இடைவெளியில் இரண்டு கேமராக்கள் வைக்கப்பட்டு, முதல் கேமரா எல்லா வாகனங்களின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ள, இரண்டாவது கேமரா அதே எண் வந்து சேர்ந்த நேரத்தைக் கொண்டு சராசரி வேகத்தைக் கணக்கிடுகிறது. அதாவது, ஒழுங்காக ஓட்டுபவரின் எண்ணும் சிறிது நேரத்துக்காவது பதிவாகியே தீரும். கணக்கு முடிந்ததும் அந்தப் பதிவு அழிக்கப்படுகிறதா, இல்லையா என்பது கருவியை அமைப்பவரின் கையில் இருக்கிறது.

மூன்றாவது வகை, எண் தகட்டைத் தானாகப் படிக்கும் கேமரா. வேகத்தோடு இதற்குத் தொடர்பே இல்லை. கடந்து போகும் ஒவ்வொரு வாகனத்தின் எண்ணையும் இடத்தையும் நேரத்தையும் குறித்து, திருடப்பட்ட வாகனங்கள், தேடப்படும் வாகனங்கள் ஆகியவற்றின் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லாத எண்களும் சேமிக்கப்பட்டால், ஒரு நகரத்தின் பயணக் குறிப்பேடு அங்கே உருவாகிவிடுகிறது: யார் எந்தக் கோயிலுக்கு, எந்த மருத்துவமனைக்கு, எந்தக் கூட்டத்துக்கு, எத்தனை மணிக்குப் போனார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஆகவே எந்தக் கருவியைப் பற்றியும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: சட்டத்தை மீறாதவரைப் பற்றி இது எதைச் சேர்த்து வைக்கிறது, எவ்வளவு காலத்துக்கு?

இத்தனை பேர் சாலையில் சாகும் நாட்டில் தனியுரிமையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் அல்லவா?

கேட்பவர்களின் பக்கம் நியாயம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கச் சாலைகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 12,000 பேர் உயிரிழக்கிறார்கள். அவர்களில் ஐந்தில் இருவர் என்ற அளவில் நடந்து செல்பவர்கள். மினிபஸ் டாக்சியிலிருந்து இறங்கி இருட்டில் நெடுஞ்சாலையைக் கடந்து வீடு சேர வேண்டியவர்களும் அவர்களுள் அடக்கம். சராசரி வேகம் 1 விழுக்காடு கூடினால் உயிர்ச்சேத விபத்துக்கான வாய்ப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகக் கேமராக்களைப் பற்றிய 35 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பாய்வு, கேமரா உள்ள இடங்களை ஒட்டி, உயிர்ச்சேதமோ கடுங்காயமோ விளைவிக்கும் விபத்துகள் 11 முதல் 44 விழுக்காடு வரை குறைந்ததைக் காட்டியது. எனவே, வேகக் கேமரா வெறும் வசூல் இயந்திரம் என்று ப்ராய் என்னும் இறைச்சி சுடும் அடுப்பைச் சுற்றி நின்று நம்மவர்கள் பேசும் பேச்சை நான் ஏற்பதில்லை.

ஆனால் அந்த ஆய்வுகள் அளந்தவை வேகத்தைக் குறைக்கும் கருவிகளை. குற்றமற்றவர்களின் பயணப் பதிவை மாதக்கணக்கில் வைத்திருந்தால் விபத்து குறையுமா என்பதை அவை அளக்கவில்லை. முன்னதற்குக் கிடைத்த நற்சான்றைப் பின்னதற்கும் ஒட்டிக்காட்டுவது சாலைப் பாதுகாப்பு ஆகாது.

கேமராவின் கண்ணுக்கு எட்டாத ஆபத்துகளும் உண்டு. 2013 செப்டம்பர் 5 அன்று டர்பனை அடுத்த பைன்டவுனில், ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில் கட்டுப்பாட்டை இழந்த ஒரு கனரக லாரி டாக்சிகளின் மீது மோதி 20க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பிறகுதான் பெரிய லாரிகள் அந்தச் சரிவில் இறங்கத் தடை வந்தது. பிரேக்கின் தேய்மானத்தையும் டயரின் நிலையையும் ஓட்டுநரின் தூக்கமின்மையையும் சாலையோரத்தில் வண்டியை நிறுத்திக் குனிந்து பார்க்கும் ஆள்தான் கண்டுபிடிக்க முடியும். கேமராவுக்குப் பணம் ஒதுக்கியதையே சாலைப் பாதுகாப்புக்குச் செய்த முழுப் பணியாகக் காட்டும் நகராட்சியிடம், வாகனப் பரிசோதகர்கள் எத்தனை பேர் பணியில் இருக்கிறார்கள் என்றும் கேட்க வேண்டும்.

மனிதர்களைவிட கேமரா நல்லதல்லவா? அது 'கூல்டிரிங்க் காசு' என்று கையூட்டுக் கேட்பதில்லையே?

கேமராவுக்கு ஆதரவான வாதங்களில் எனக்கு மிக வலுவாகப் படுவது இதுதான். சாலையோரத்தில் நிறுத்தி, அபராதத் தாளை எழுதாமல் கையில் வைத்துக்கொண்டே 'கூல்டிரிங்க்' பற்றிப் பேசத் தொடங்கும் ஆளை இந்த நாட்டில் வண்டி ஓட்டுபவர்களில் அறியாதவர் குறைவு. கேமரா முகத்தையோ தோலின் நிறத்தையோ வண்டியின் விலையையோ பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை. கறுப்பின இளைஞர்கள் அடிக்கடி நிறுத்தப்படுவதை நேரில் கண்டவர்களுக்கு இதன் மதிப்புத் தெரியும்.

அதே வேளையில், கேமராவின் பின்னாலும் மனிதர்கள்தாம் இருக்கிறார்கள். கையூட்டு வாங்கும் மனம் படைத்த ஒருவரிடம், யார் எப்போது எங்கே போனார் என்ற பதிவைத் தேடிப்பார்க்கும் கடவுச்சொல்லும் இருந்தால் விளையக்கூடிய தீங்கு சாலையோரத்து ஐம்பது ராண்டைவிடப் பெரிது. பிரிந்து வாழும் மனைவியைத் தேடும் கணவனுக்கும் பணக்காரர் வீடு திரும்பும் நேரத்தை அறிய விரும்பும் கொள்ளையனுக்கும் அந்தப் பதிவு விலைமதிப்புள்ள பொருள். பதிவே இல்லாவிட்டால் விற்பதற்கும் எதுவும் இல்லை.

ரோட்பிளாக்கில் நிறுத்தினால் நான் எதற்கெல்லாம் கட்டுப்பட வேண்டும்?

ஈஸ்டர் வாரத்தில் லெனேஷியாவிலிருந்தும் பிரிட்டோரியாவிலிருந்தும் என்3 வழியாக டர்பனுக்கு, இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வரும் குடும்பங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. அந்த நாட்களில் வான் ரீனன் கணவாயிலிருந்து மேரியன்ஹில் சுங்கச்சாவடி வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம் என்று எதிர்பார்த்தே புறப்படுங்கள்.

சீருடையிலுள்ள போக்குவரத்து அதிகாரி கை காட்டினால் நிறுத்தியே ஆக வேண்டும். 1996ஆம் ஆண்டின் தேசியச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அவருக்கு வாகனத்தை நிறுத்தவும், அதன் தகுதியைச் சோதிக்கவும், உங்கள் பெயரையும் முகவரியையும் கேட்கவும், ஓட்டும் நிலையில் நீங்கள் இல்லை என்று கண்டால் தற்காலிகமாக ஓட்டவிடாமல் தடுக்கவும் அதிகாரம் தருகிறது. ஓட்டுநர் உரிமத்தை வண்டியில் வைத்திருப்பது உங்கள் கடமை. 'வீட்டில் இருக்கிறது' என்பது விடையாகாது. பதிலுக்கு, அவருடைய நியமனச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. குரலை உயர்த்தாமல் கேளுங்கள்.

வண்டியைச் சோதனையிடுவது வேறு விஷயம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, நீங்கள் ஒப்புக்கொண்டாலோ, அல்லது சோதனை ஆணை கேட்டால் கிடைத்திருக்கும், ஆனால் ஆணைக்குக் காத்திருந்தால் நோக்கமே கெட்டுவிடும் என்று நம்புவதற்குத் தக்க காரணம் இருந்தாலோதான் காவலர் ஆணையின்றிச் சோதனையிடலாம். இதற்கு ஒரு பெரிய விலக்கு இருக்கிறது. காவல் பணிச் சட்டத்தின் 13(8) பிரிவின்கீழ், தேசிய ஆணையரோ மாகாண ஆணையரோ எழுத்துவழி அனுமதி அளித்து அமைக்கப்படும் ரோட்பிளாக்கில் ஆணையும் ஐயமும் இல்லாமலே வாகனத்தைச் சோதிக்கலாம். பேச்சுவழக்கில் கே78 என்று சொல்லப்படுவது இதுதான். அப்படிச் சோதிக்கப்பட்டவர் கேட்டால், எழுத்துவழி அனுமதியின் நகலைக் காட்ட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. சாலையோரம் இரண்டு பேர் நின்றுகொண்டு 'டிக்கியைத் திற' என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த நகல்தான் காட்டும்.

பழைய அபராதங்கள் நிலுவையில் இருப்பதாகச் சொல்லி, கட்டினால்தான் விடுவோம் என்று நிறுத்திவைக்கும் வழக்கமும் உண்டு. உங்கள் பெயரில் பிடியாணை இல்லாதபோது, கட்டாத அபராதத்துக்காக மட்டும் உங்களை அங்கே பிடித்துவைக்கச் சட்டம் இடம் தரவில்லை. பிடியாணை இருப்பதாகச் சொன்னால் அதைக் காட்டச் சொல்லுங்கள்.

மூச்சுச் சோதனையை மறுக்கலாமா?

முடியாது. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65(9) பிரிவு மூச்சு மாதிரியையோ இரத்த மாதிரியையோ தர மறுப்பதைத் தடைசெய்கிறது. மதுவுக்கான வரம்பு 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.05 கிராம்; தொழில்முறை ஓட்டுநருக்கு 0.02 கிராம். மூச்சில் அளந்தால் 1,000 மில்லிலிட்டருக்கு 0.24 மில்லிகிராம், தொழில்முறை ஓட்டுநருக்கு 0.10 மில்லிகிராம்.

உடலின் எல்லையையே தாண்டும் இந்தச் சோதனையை நான் எதிர்க்கவில்லை. எல்லாரையும் ஒரேமாதிரி நிறுத்துகிறது. கேட்பது ஒரே ஒரு கேள்வி. குடிக்காதவரைப் பற்றி ஒரு நிமிடத்துக்குப் பிறகு எந்தக் குறிப்பும் எஞ்சுவதில்லை. கருவியின் துல்லியத்தை மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2011இல் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் அப்போது பயன்பாட்டிலிருந்த மூச்சுக்கருவியின் அளவீட்டை நம்பத்தக்க சான்றாக ஏற்க மறுத்த பிறகு, அம்முறை சில ஆண்டுகள் கைவிடப்பட்டு, புதிய கருவியுடன்தான் திரும்பி வந்தது.

அலைபேசியைத் திறந்து காட்டச் சொன்னால்?

ஒப்புதலோ நீதிமன்ற ஆணையோ வேண்டும் என்பதே பொது விதி. ஓட்டும்போது கையில் அலைபேசி வைத்திருந்த குற்றத்துக்கு, கையில் இருந்ததைப் பார்த்த அதிகாரியின் சாட்சியமே போதுமானது. அதற்காக உங்கள் வாட்ஸ்அப்பைப் படிக்க வேண்டியதில்லை.

கேமரா அபராதம் என் பெயருக்கு வந்திருக்கிறது, ஆனால் வண்டியை ஓட்டியது நான் அல்ல. என்ன செய்வது?

சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 73ஆம் பிரிவு, மாறாக நிறுவப்படும் வரை உரிமையாளரே ஓட்டியதாகக் கொள்ளும். ஆகவே சும்மா இருப்பது உங்களுக்கு எதிராகவே முடியும். வண்டியை ஓட்டியவர் மருமகனோ, வீட்டுக்கு வந்திருந்த சித்தப்பா மகனோ, அவருடைய பெயரையும் அடையாள எண்ணையும் முகவரியையும் உறுதிமொழிப் பத்திரத்தோடு எழுதி அனுப்ப வேண்டும். சாலைக் குற்றங்களை நிர்வாக வழியில் கையாளும் ஆர்ட்டோ முறை நடக்கும் ஜொகன்னஸ்பர்கிலும், பிரிட்டோரியாவை உள்ளடக்கிய ட்ஷ்வானேயிலும் இதற்கு ஆர்ட்டோ 07 என்ற படிவம் உண்டு.

உங்கள் எண்ணையே போலியாகப் பொருத்திக்கொண்டு வேறொருவர் ஓட்டுவது இங்கே அரிதல்ல. ஒருபோதும் போகாத ஊரிலிருந்து அபராதம் வந்தால் முதலில் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். வண்டியின் தயாரிப்போ நிறமோ வேறாக இருந்தால் உடனே காவல் நிலையத்தில் பதிவு செய்து, அந்த வழக்கு எண்ணோடு மறுப்பு எழுதுங்கள். அந்தப் போலி எண் நாளைக்கு ஒரு கொள்ளையில் பயன்பட்டால், தானியங்கிக் கேமரா எச்சரிக்கை எழுப்புவது உங்கள் வண்டியைப் பார்த்துத்தான்.

ஆர்ட்டோவின் குற்றப்புள்ளி முறை அரசு நம்மைக் கட்டுப்படுத்தும் வழி என்கிறார்களே?

சாலைக் குற்றங்களை நீதிமன்றத்திலிருந்து எடுத்து நிர்வாக முறையில் கையாளும் ஆர்ட்டோ சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. நாடு முழுவதும் நடைமுறைப்படுத்தும் நாள் பலமுறை தள்ளிப்போயிருக்கிறது. குற்றத்துக்கு ஏற்ப புள்ளிகள் சேரும். வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 மாதம் உரிமம் முடக்கப்படும். குற்றமின்றி ஓட்டினால் 3 மாதத்துக்கு ஒரு புள்ளி குறையும். மூன்றாம் முறை முடக்கப்படும் நிலை வந்தால் உரிமமே ரத்தாகும். 2022 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் இச்சட்டம் அரசியலமைப்புக்கு முரணானது என்றது. 2023 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தீர்ப்பை உறுதிசெய்ய மறுத்துச் சட்டத்தை நிலைநிறுத்தியது. அந்த வழக்கின் மையம் தனியுரிமை அல்ல. தேசிய அரசுக்கு இச்சட்டம் இயற்ற அதிகாரம் உண்டா, அறிவிப்புகளை எப்படிச் சேர்ப்பிக்க வேண்டும் என்பவையே அங்கு வாதிடப்பட்டன.

புள்ளி முறையை என்னால் ஏற்க முடிகிறது. பணக்காரருக்கு அபராதம் ஒரு கட்டணம். உரிமம் பறிபோகும் என்ற அச்சம் அவருக்கும் உண்டு. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அறிவிப்பு மின்னஞ்சலில் போய், குப்பை அஞ்சல்களுக்கிடையே காணாமல் போனாலும் கெடு ஓடத் தொடங்கிவிடும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம், வழக்கை நீதிமன்றத்தில் நடத்தத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை எடுத்துவிட்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறது. ஓட்டுநர் வேலையே சோறு போடும் ஒருவருக்கு இந்த ஏணியில் ஒவ்வொரு படியும் செலவு.

ஹௌடெங் இ-டோல் விவகாரம் இதில் எங்கே வருகிறது?

2013 டிசம்பர் 3 அன்று, ஜொகன்னஸ்பர்கும் பிரிட்டோரியாவும் உள்ள ஹௌடெங் மாகாணத்தின் ஃப்ரீவேக்களில் இ-டோல் என்னும் மின்னணுச் சுங்க வசூல் தொடங்கியது. சாலைக்கு மேலே நின்ற வளைவுகள் ஒவ்வொன்றும் கீழே போகும் எல்லா வாகனங்களின் எண்ணையும் படித்தன. மக்கள் பெருந்திரளாகக் கட்ட மறுத்தனர். 2024 ஏப்ரல் 11 நள்ளிரவோடு முறை கைவிடப்பட்டது. எதிர்ப்புக்குக் காரணம் பணம்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தன் நடமாட்டம் பதிவாகிறது என்பதற்காகக் கட்ட மறுத்தவர் மிகச் சிலரே இருந்திருப்பார்.

இங்கே கவனிக்க வேண்டியது அதற்குப் பிந்திய பேச்சு. வசூல் நின்ற பிறகும் வளைவுகள் நின்றன. அவற்றைக் குற்றத்தடுப்புக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனை மாகாணத் தலைமையிடமிருந்தே எழுந்தது. சாலைப் பணிக்கு நிதி திரட்ட வைத்த கருவி, யாரும் புதிதாகச் சட்டம் இயற்றாமலே, மக்களின் நடமாட்டத்தைப் பார்க்கும் கருவியாக மாற முடியும். நோக்கம் மாறும்போது புதிய அனுமதி கேட்க வேண்டும் என்ற விதி கருவியை நிறுவும் நாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எங்கள் தெருவிலுள்ள கேமராக்கள் தனியாருடையவை. அது அரசுக் கண்காணிப்பு ஆகாதே?

நம் பகுதிகளில் உண்மையான மாற்றம் நடப்பது இங்கேதான். அரசின் வேகக் கேமராவுக்கு எதிராகக் கொதிப்பவர்களே, தம் பேட்டையின் பாதுகாப்புக் குழு வாங்கும் எண் தகட்டுக் கேமராவுக்குச் சந்தா கட்டுகிறார்கள். அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது; கார் பறிப்பும் வீடு புகுதலும் அன்றாடச் செய்தியாக இருக்கும் நாட்டில் இதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

ஜொகன்னஸ்பர்கில் வூமாகேம் என்ற தனியார் நிறுவனம் ஆயிரக்கணக்கான கேமராக்களைத் தெருக்களில் நிறுத்தி, அவற்றின் காட்சிகளைப் பாதுகாப்பு நிறுவனங்களுக்குக் கட்டணத்துக்கு வழங்குகிறது. நகரச் சாலை முகமை கம்பம் நடும் அனுமதியைத் தனியுரிமையைக் காட்டி நிறுத்திவைத்தபோது நிறுவனம் வழக்குத் தொடுத்தது; 2020இல் உயர் நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. சாலையைத் தோண்ட அனுமதி தரும் முகமைக்குக் கண்காணிப்பின் நன்மை தீமையை முடிவு செய்யும் அதிகாரம் இல்லை என்பதே அதன் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் வேறு யாருக்கு இருக்கிறது என்று தேடிப்போனால், கம்பத்தை நடுவதற்கு முன்னால் 'வேண்டாம்' என்று சொல்லக்கூடிய ஓர் அலுவலகமும் அகப்படவில்லை. 2025இல் ஜொகன்னஸ்பர்க் நகராட்சி தனியார் கேமராக்களுக்கென ஒரு துணைவிதியை வெளியிட்டபோது, பொதுத் தெருவை நோக்கும் வீட்டுக் கேமராவையும் பதிவு செய்யக் கட்டாயப்படுத்தியதால் எதிர்ப்புக் கிளம்பி, வழக்கும் வந்தது. கடைக்காரர் தன் வாசலுக்கு வைத்த ஒற்றைக் கேமராவையும் நகரம் முழுவதும் பரந்த வலைப்பின்னலையும் ஒரே தட்டில் வைத்த விதி அது.

தனியாரின் பதிவு காவல்துறைக்கு எட்டாதது என்று எண்ணிவிடவும் கூடாது. காவல்துறை தானே கேமரா வைத்தால் சட்டமும் நாடாளுமன்றமும் கேள்வி கேட்கும். வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்கிக்கொண்டால் கேள்வி கேட்பவர் குறைவு. பிற நாடுகளில் இதற்கு எழுதப்பட்ட வரையறைகள் உண்டு. பிரிட்டனின் தேசிய எண் தகட்டுத் தரவகம் பதிவுகளை 12 மாதம் வைத்திருக்கிறது. அது நீண்ட காலம்தான், ஆயினும் வெளிப்படையான காலம். ஜெர்மனியின் கூட்டரசு அரசியலமைப்பு நீதிமன்றம் 2018 டிசம்பரில், எண்ணைப் படித்துப் பட்டியலில் இல்லை என்று உடனே அழித்தாலும்கூட, படித்த கணமே உரிமையில் தலையீடு நிகழ்ந்துவிடுகிறது, அதற்குத் தக்க சட்ட அடிப்படை வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

தவறு செய்யாதவருக்கு என்ன பயம்?

இந்த நாட்டின் தமிழருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. நூறாண்டுக்கு முன்பே கேட்கப்பட்டது. 1906இல் டிரான்ஸ்வால் அரசு ஆசியர்கள் அனைவரும் கைரேகை கொடுத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், எங்கு எப்போது காவலர் கேட்டாலும் சான்றிதழைக் காட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தபோது, சட்டவிரோதமாகக் குடியேறியவர்களைக் கண்டுபிடிக்கத்தான் இது, முறையாக வந்தவருக்கு எந்தத் தீங்கும் இல்லை என்பதே அரசின் வாதம். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜொகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் கூடியவர்கள் பணிய மறுத்து உறுதி பூண்டனர். 1908 ஆகஸ்டு 16 அன்று ஹமீதியா பள்ளிவாசல் முற்றத்தில் 2,000க்கு மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. தம்பி நாயுடு முதலிய தமிழர்கள் திரும்பத் திரும்பச் சிறை சென்றனர். 1913இல் அனுமதிச் சீட்டின்றி மாகாண எல்லையைக் கடந்து கைதானவர்களுள் ஒருவர் தில்லையாடி வள்ளியம்மை. மேரிட்ஸ்பர்க் சிறையில் நோயுற்று, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்தார்.

அதற்குப் பின்னும் கதை தொடர்ந்தது. ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்க இருந்த தடை 1980களின் நடுப்பகுதி வரை நீங்கவில்லை. டர்பனிலிருந்து ஜொகன்னஸ்பர்க் செல்லும் சாலை ஹாரிஸ்மித் வழியாகத்தான் போகிறது. அங்கே இரவு தங்க முடியாததால் நம் பெற்றோர் தலைமுறை நிற்காமல் ஓட்டிக் கடந்தது. நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக் கறுப்பின மக்கள்மீது சுமத்தப்பட்ட பாஸ் என்னும் அனுமதிப் புத்தகம் 1986இல் ஒழிந்தது. ஒருவர் எங்கே இருக்கிறார், ஏன் இருக்கிறார் என்று அரசு கேட்டுக்கொண்டே இருந்த காலத்தில் 'தவறு' எது என்பதை அந்த அரசே முடிவு செய்தது.

இன்றைய அரசை அன்றைய அரசோடு சமப்படுத்துவது அநியாயம். அப்படி ஒப்பிட்டு, மூச்சுச் சோதனையை மறுப்பதற்குச் சாக்குத் தேடுவதும் அநியாயமே. 60 கிலோமீட்டர் வரம்பு எல்லாருக்கும் ஒன்று. பாஸ் சட்டம் அப்படி இல்லை. ஆனால் பதிவேடு அதை எழுதிய அரசோடு அழிந்துவிடுவதில்லை. இன்றைய நகர மன்றம் சேர்த்துவைக்கும் நடமாட்டப் பதிவை நாளை எந்தக் கட்சி, எந்த நோக்கத்தோடு திறக்கும் என்பதற்கு இன்றைய அமைச்சரின் நல்லெண்ணம் உத்தரவாதம் ஆகாது.

தனியுரிமைச் சட்டம் எனக்கு நடைமுறையில் என்ன தருகிறது?

அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு தனியுரிமையை உறுதி செய்கிறது. 36ஆம் பிரிவு அதற்கு வரம்பு விதிக்கும் எந்தச் சட்டமும் நியாயமானதாகவும், குறைந்த இடையூறுள்ள வேறு வழி இருக்கிறதா என்று பார்த்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. 1996இல் பெர்ன்ஸ்டைன் எதிர் பெஸ்டர் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம், வீட்டின் உள்ளறையிலிருந்து வெளியே பொதுவாழ்வுக்கு வர வர தனியுரிமையின் பரப்புச் சுருங்குகிறது என்றது. அதைக் கேட்டு, சாலையில் தனியுரிமையே இல்லை என்று வாதிடுவோர் உண்டு. ஒரு நாளில் ஒருமுறை உங்களைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஓராண்டுப் பயணத்தை வரிசையாக அடுக்கிக் காட்டும் தரவகத்துக்கும் உள்ள தொலைவை அந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை.

நடைமுறைக்கு உதவுவது போப்பியா என்னும் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம். 2021 ஜூலை 1 முதல் அதை மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்க முடிகிறது. அதன் 14ஆம் பிரிவின்படி, சேகரித்த நோக்கத்துக்குத் தேவையான காலத்துக்கு மேல் தகவலை வைத்திருக்கக் கூடாது. 23ஆம் பிரிவின்படி, உங்களைப் பற்றிய தகவல் இருக்கிறதா என்று ஒரு நிறுவனத்திடம் கட்டணமின்றிக் கேட்கலாம். பேட்டைக் கேமராக்களை நடத்தும் நிறுவனத்துக்கு உங்கள் எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் எழுதினால், அவர்களின் தகவல் அலுவலர் பதில் தர வேண்டும். தராவிட்டால் தகவல் ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிடலாம். அரசு அமைப்பு என்றால் தகவல் அணுகல் சட்டத்தின்கீழ் விண்ணப்பிக்கலாம். அதற்குக் கெடு 30 நாள்.

ஓட்டையும் இருக்கிறது. குற்றத்தைத் தடுக்கவும் துப்பறியவும் அரசு அமைப்புகள் கையாளும் தகவலுக்கு, வேறு சட்டத்தில் போதிய பாதுகாப்பு இருக்கும் அளவுக்கு, போப்பியா பொருந்தாது. அந்த வேறு சட்டம் எண் தகட்டுக் கேமராக்களைப் பொறுத்தவரை எழுதப்படவே இல்லை என்பது என் வாதம். தொலைபேசி ஒட்டுக்கேட்பு தொடர்பான ரைக்கா சட்டத்தில், கண்காணிக்கப்பட்டவருக்குப் பின்னராவது அதைத் தெரிவிக்க வேண்டும் என்ற ஏற்பாடு இல்லாதது குறை என்று 2021 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரின் வண்டியை வாரக்கணக்கில் பின்தொடர்ந்து தேடிய பதிவுக்கும் அதே தத்துவம் ஏன் பொருந்தக் கூடாது?

நகராட்சி புதிய கேமராக்களை அறிவித்தால் நான் என்ன கேட்க வேண்டும்?

துணைவிதி வரைவுகளை மக்கள் கருத்துக்கு வெளியிட்ட பிறகே நிறைவேற்ற வேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் நகராட்சி அமைப்புகள் சட்டம் சொல்வதால், வாய்ப்பு வரும்போது வார்டு உறுப்பினரிடமும் எழுத்திலும் கேளுங்கள். விபத்து நடந்த இடத்தில் வைக்கிறார்களா, வசூல் எளிதான இடத்தில் வைக்கிறார்களா என்பது ஒன்று. குற்றமற்ற வாகனத்தின் பதிவு எத்தனை மணி நேரத்தில் அழிகிறது, யார் தேடினார் என்ற குறிப்பு தனியாக எழுதப்படுகிறதா, அபராதத் தொகையில் ஒப்பந்த நிறுவனத்துக்குப் பங்கு உண்டா என்பவை அடுத்தவை. வேகக் கேமராவை எதிர்த்துக் கையெழுத்துத் திரட்டும் அதே ஆர்வத்தோடு இவற்றைக் கேட்பவர் நம் கூட்டங்களில் மிகக் குறைவு.

நானே டாஷ்கேம் வைத்துக்கொள்ளலாமா? அதிகாரியைப் படமெடுக்கலாமா?

வைத்துக்கொள்ளலாம். பொது இடத்தில் படமெடுப்பதைத் தடுக்கும் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. கடமையிலுள்ள அதிகாரியின் வேலைக்குக் குறுக்கே நிற்காமல் படமெடுக்கலாம். ஓட்டிக்கொண்டே அலைபேசியைக் கையில் பிடித்துப் படமெடுத்தால் அது தனிக் குற்றம். முற்றிலும் தனிப்பட்ட, வீட்டுப் பயன்பாட்டுக்கான பதிவுக்குப் போப்பியா பொருந்தாது. ஆனால் உங்கள் டாஷ்கேமில் பதிந்த ஒருவரின் முகத்தையும் வண்டி எண்ணையும் நூற்றுக்கணக்கானோர் உள்ள பேட்டைக் குழுவில் 'சந்தேகத்துக்குரிய ஆள்' என்று போட்டுவிட்டால் வீட்டுப் பயன்பாடு என்ற விலக்கு உங்களுக்குக் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். அந்த ஆள் வேலை தேடி வந்தவராக இருந்தால் அவதூறு வழக்கும் வரலாம். விபத்தோ கையூட்டோ பதிவாகியிருந்தால் அந்தக் கோப்பை வழக்கு எண்ணோடு காவல் நிலையத்திலோ காப்பீட்டு நிறுவனத்திலோ கொடுத்துவிட்டு, மீதியை டாஷ்கேம் தானாக அழித்துக்கொள்ளும்படி விட்டுவிடுங்கள்.